தேரியோ வீட்டின் ஏழு நாள் சாப்பாடு

எங்கள் தீவுப் பட்டணத்தின் லா பாஸ் சந்தையில் விடிகிற நேரத்துக்கு என் மீன் பலகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். கூடை கூடையாக வாங்குவார்கள், விலை படிந்ததும் போய்விடுவார்கள். அவர்களுக்கு நடுவே பள்ளிச் சீருடை போட்ட ஒரு பெண் வந்து நிற்க ஆரம்பித்தாள். பெயர் ஜோனலின், வயது பதினைந்து. என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கிற பிள்ளைதான். அவள் அம்மா மெர்லி ஹாங்காங்கில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா தேரியோ சரக்குக் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பத்து மாதம் கடலில். வீட்டில் ஜோனலினும் இரண்டு தம்பிகளும் அம்மாவைப் பெற்ற தாத்தா சிசோவும்தான். ஆக, மெர்லி அனுப்பும் பணத்தில் வாரம் முழுக்க நான்கு வயிறு அந்தப் பெண் கையில் இருந்தது.

அவள் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாளை மீனை எடை போட்டு வாங்க மாட்டாள், எண்ணி வாங்குவாள். ஆளுக்கு இரண்டு, தாத்தாவுக்கு முள் தொண்டையில் சிக்கும் என்பதால் அவருக்கு மட்டும் கானாங்கெளுத்தி ஒன்று. மற்ற நாட்களில் டப்பா மீன், முட்டை, நூடுல்ஸ். ஒரு வாரம்கூட அவள் என்னிடம் கடன் சொன்னதில்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷம் வரை அவள் பள்ளியின் டினாக்யாங் திருவிழா ஆட்டக் குழுவில் இருந்தாள். ஜனவரி திருவிழாவுக்காக அவர்கள் மாதக்கணக்கில் மாலை நேரமெல்லாம் பயிற்சி எடுப்பார்கள். உலை வைக்க வேண்டிய நேரமும் அதுவேதான். அவள் குழுவை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டபோது கால் வலி என்றாள்.

அந்த வருஷம் மழை தொடங்கும் சமயத்தில் தேரியோ திரும்பி வந்தார். அடுத்த கப்பலுக்கான உடல் பரிசோதனையில் இதயத் துடிப்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷக் கடல் வேலை ஒரு முற்பகலில் முடிந்துபோனது. பெரிய உடம்பு, சின்னக் குரல், யாரிடமும் அதிகம் பேசாத மனிதர். அவருக்கு வீட்டில் எந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. சின்னவன் எமில் அவரைப் பார்த்ததும் விருந்தாளிக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற மாதிரி போட்டானாம். இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

வந்த முதல் சனிக்கிழமை தேரியோ பணப்பையை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டு சந்தைக்கு வந்தார். இருபது பேருக்குச் சமைத்த மனிதன், ஐந்து பேர் என்ன பெரிய காரியம் என்று நினைத்திருப்பார். என் பலகையில் இருந்த பெரிய களவா மீனைக் காட்டினார். ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் மட்டுமே வாங்குகிற மீன் அது. விலையைச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் கொடுத்தார். பக்கத்தில் மாட்டு விலா, வெண்ணெய், ஆப்பிள். ஜோனலின் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பை காலி. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் சோறும் கருவாடும். தாத்தா சிசோவுக்கு எழுபத்தெட்டு வயதாகியும் நாக்கு மட்டும் வாலிபம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "முதல் பாதி ராஜா, மறு பாதி பிச்சைக்காரன். கப்பல்லயும் இப்படித்தான் ஓட்டினீங்களா மாப்ளே? கரை வர்ற வரைக்கும் ஜனங்க உசுரோட இருந்தாங்களா?" என்று கேட்டார்.

தேரியோ தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார். கப்பலில் அவர் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார், துறைமுகத்தில் வந்து இறங்கும். காசு கொடுக்கிறவன் வேறு ஆள். பதினெட்டு வருஷம் அடுப்படியில் நின்றவருக்கு ஒரு கிலோ கத்தரிக்காய் என்ன விலை என்று தெரியாமலே போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை ஜோனலின் கையை நீட்டினாள். அவர் பணப்பையைக் கொடுத்துவிட்டார்.

வேறு ஆணாக இருந்தால் அன்றைக்கே கோபித்துக்கொண்டு கத்தியிருப்பான், அல்லது மொத்தத்தையும் மகள் தலையில் விட்டுவிட்டுச் சீட்டாடப் போயிருப்பான். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். தேரியோ பையைத் தூக்கிக்கொண்டு மகள் பின்னால் வந்தார். வாரக்கணக்கில் அப்படி வந்தார். அவள் எங்கே நிற்கிறாள், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறாள், எந்தக் கடையில் எந்த நேரத்துக்கு விலை இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். சந்தையில் சிலர் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டிலும் பார்த்தார். அங்கே பார்த்த ஒன்றுதான் அவரை அசைத்தது. நூடுல்ஸ் வைக்கிற நாட்களில் ஜோனலின் முட்டையைத் தம்பிகள் கிண்ணத்திலும் தாத்தா கிண்ணத்திலும் அப்பா கிண்ணத்திலும் போடுவாள். தனக்கு சாற்றை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் அப்படியோ என்று நினைத்தார். அடுத்த முறையும் அதேதான். அவளுக்கு இதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை, பழகிப்போயிருந்தது.

மறுநாள் அவர் என் கடைக்குத் தனியாக வந்தார். "அக்கா, பதினோரு மணிக்கு மேல உங்க பலகையில என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். பேரம் பேசுகிறவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கலப்பு மீன், தலை, வயிறு கொஞ்சம் கிழிந்தது, இப்படித்தான் மிஞ்சும் என்றேன். அன்று பதினொன்றரைக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு கூறாக வாங்கினார். என் கத்தியையே வாங்கி அங்கேயே சுத்தம் செய்தார். தலைகள் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம், வறுக்கிற பொடி மீன் ஒரு பக்கம். கை போகிற வேகத்தைப் பார்த்தபோதுதான் இவர் தொழில்காரர் என்று எனக்கு உறைத்தது.

மகளிடம் அவர் ஒரு மாதத் தவணை கேட்டார். ஒரு மாதம் பணப்பை என்னிடம் இருக்கட்டும், கை நழுவினால் திரும்ப வாங்கிக்கொள், அப்புறம் கேட்க மாட்டேன் என்றாராம். அவள் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு காகிதம் ஏறும். திங்கள் முதல் ஞாயிறு வரை என்ன சாப்பாடு என்று பெரிய எழுத்தில் இருக்கும். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்துவிட்டு, "ஹோட்டல் தொறந்தாச்சு. தங்கற ரூம் எப்போ?" என்பார். ஆனால் தினமும் வாசிப்பார்.

தேரியோவின் வழி இதுதான். சீக்கிரம் வாடுவது முதலில் அடுப்புக்குப் போக வேண்டும். சனி, ஞாயிறில் முருங்கைக்கீரை, வெண்டை, கத்தரி, பூசணி போட்ட லாஸ்வா. எண்ணெயே இல்லாத அந்தச் சாறு எங்கள் ஊரில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றுதான். முருங்கைக்கீரைக்குக் காசே இல்லை, என் வேலியில் பறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மீன் தலைகள் இஞ்சி போட்ட ரசமாகும். சதையைக் காடியில் வேக வைத்துவிட்டால் இரண்டு நாள் கெடாது. ஒரு கோழி வாங்கினால் நெஞ்சும் தொடையும் ஒரு நாள், முதுகும் கழுத்தும் பச்சைப் பப்பாளியோடு இன்னொரு நாள், எலும்பு மூன்றாம் நாள் கஞ்சிக்கு. வெள்ளிக்கிழமை, எங்கள் ஊரில் எல்லா வீட்டையும் போல, பாசிப்பயறு. கடைசி நாட்களுக்கு வாழைப்பூ, பலாக்காய், துவரை, இப்படி நின்று காத்திருக்கக் கூடியவை. மாதம் முடிந்தபோது பையில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அதில் பையன்களுக்கு அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்த சிவப்புத் தொத்திறைச்சி வாங்கிப் பொரித்தார்.

முட்டை விஷயத்தில் மட்டும் ஒரு சட்டம் போட்டார். ஐந்து பேருக்கு ஐந்து முட்டை இல்லையென்றால் அன்றைக்கு யாருக்கும் முழு முட்டை கிடையாது, அடித்துக் கலக்கி ஐந்தாக வெட்டுவது. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் சட்டியைத் திறப்பார். ஜோனலின் சில நாள் நின்றுகொண்டே இருந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது, தாத்தா அலுத்துக்கொண்டார். கடைசியில் அவளும் உட்கார்ந்தாள். செப்டம்பரில் அவள் மீண்டும் ஆட்டக் குழுவில் சேர்ந்தாள் என்று அவள் தம்பி வந்து சொன்னான். விடியற்காலையில் என் கடை முன்னால் அவளைக் காணாமல் எனக்குக் கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

நவம்பரில் அடி விழுந்தது. மெர்லி பார்த்துக்கொண்ட ஹாங்காங் கிழவி இறந்துபோனாள். வேலை முடிந்தது. வேறு வீடு கிடைத்து அதற்கான காகிதங்கள் வரும்வரை சம்பளம் கிடையாது, ஒரு மாதமோ இரண்டோ, யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மெர்லி இதைச் சொன்னபோது பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கள் விடியற்காலை என் பலகை முன்னால் சீருடையில் ஜோனலின் நின்றாள்.

"லூசிங் அக்கா, காலையில மீன் கழுவ ஆள் வேணுமா?"

"ஆட்டத்துக்குப் போறியே, ராத்திரி எத்தனை மணிக்கு வந்து படுக்கறே? இங்க நாலு மணிக்கெல்லாம் வரணும்."

"ஆட்டத்த விட்டுடுவேன். ஆட்டம் ஆடினா அரிசி வருமா?"

நாளைக்கு வா, பார்க்கலாம் என்று அனுப்பினேன். பதினோரு மணிக்குத் தேரியோ வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் மீனைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார். முடித்துக் கை கழுவிய பிறகு, நாளைக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறேனா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் அவள் வந்தபோது அவர் முன்பே வந்து என் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவள் முகம் சுருங்கியது. தோளில் மாட்டியிருந்த புத்தகப் பையைக் கழற்றப் போனாள்.

"பைய மாட்டிக்கோ," என்றார்.

"அம்மா பணம் வராது. தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும். ஞாயித்துக்கிழமையே கணக்குப் பாத்துட்டேன். இருக்கறத வச்சு ரெண்டு வாரம் தள்ளலாம்."

"அதுக்கப்புறம்?"

"அது என் வேலை. அடுப்பு என்கிட்ட இருக்கற வரைக்கும் நம்ம வீட்ல யாரும் பசியோட படுக்க மாட்டாங்க. வேற எதுக்கும் என்னால வாக்குக் குடுக்க முடியாது. இதுக்குக் குடுக்கறேன்."

"ஒரு வருஷம் நான் தனியா பாத்தேன். என்னால முடியும்ப்பா."

"முடியும்னு எனக்குத் தெரியாதா? உன்ன மாதிரி சாளைய எண்ணி வாங்க எனக்கு இன்னும் வரல. முடியுதுங்கறதுக்காக நீ செய்யணும்னு இல்லம்மா. போ, பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பு போயிடும்."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு போனாள். அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை, ஆனால் ஐஸ் பெட்டியை விட்டு எழுந்திருக்க அவருக்கு வெகு நேரமாயிற்று.

அன்று முழுவதும் அவர் சந்தையிலேயே சுற்றினார். மதியம் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்த்தார். காகிதக் குவளையில் வெந்நீர் ஊற்றிய நூடுல்ஸ், இல்லாவிட்டால் ரொட்டி. சுற்றிலும் மீனும் காயும் கறியும் குவிந்திருக்க, அவற்றை விற்கிற நாங்கள் அதைத் தின்றுகொண்டிருந்தோம். கடையை விட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்க யாருக்கு நேரம்? காய்கறி விற்கிற தோரெங்கிடமும் என்னிடமும் அவர் தன் யோசனையைச் சொன்னார். அன்றன்றைக்கு மிஞ்சுவதில் கொஞ்சம் அவருக்குக் கொடுக்க வேண்டும், அரிசிக்கும் விறகுக்கும் ஆளுக்கு ஒரு சின்னத் தொகை, மறுநாள் மதியம் சுடச்சுடச் சோறும் குழம்பும் எங்கள் கடைக்கே வரும். ஐந்து பேருக்குச் சமைக்கிற செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முப்பது பேருக்குச் சமைக்கலாம் என்றார்.

முதல் நாள் ஒன்பது பேர்தான். பெரிய சட்டியில் லாஸ்வா வந்தது. பன்றிக்கறிக் கடை கில்பெர்ட் சட்டிக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "இலை தழையத் திங்க நான் என்ன ஆடா?"

"எலும்பு குடு," என்றார் தேரியோ. "நாளைக்கே மனுஷன் ஆயிடுவே."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கில்பெர்ட் விட்டுக்கொடுக்காமல் மறுநாள் ஒரு பை நிறைய எலும்பும் கால் மூட்டும் கொண்டுவந்து கொடுத்தான். அதோடு துவரையும் பலாக்காயும் சேர்த்து, பத்வான் காயின் புளிப்பு இறங்க, தேரியோ வைத்த குழம்பை அவன் வழித்துச் சாப்பிட்டான். மூன்றாவது தடவை சோறு கேட்டான். வாரம் முடிவதற்குள் இருபதுக்கு மேல் ஆள் சேர்ந்துவிட்டது. பக்கத்து வரிசைக்காரர்களும் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

இப்போது குளிர்ப்பெட்டிக் கதவில் ஏறிய காகிதம் சந்தையின் போக்கைப் பார்த்து எழுதப்பட்டது. ஞாயிறு வியாபாரம் முடிந்து தலையும் எலும்பும் குவிவதால் திங்களன்று ரசம். மலைக் காய்கறி லாரி வருகிற நாளுக்கு முந்தின நாள் தோரெங்கின் பழைய காய்கள் தீர வேண்டும், அன்று பூசணியும் கத்தரியும். புயல் எச்சரிக்கையில் படகு போகாத நாட்களுக்குத் தேங்காய்ப்பாலும் கருவாடும். ஒருநாள் நான் வாய் தவறி, எங்களுக்குப் போக மிச்சம்தானே பிள்ளைகளுக்கு என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறியது. மிச்சத்தை என் பிள்ளைகளுக்குப் போட மாட்டேன் அக்கா, முதலில் அவர்கள் பங்கை எடுத்து மூடி வைத்த பிறகுதான் சட்டி உங்களுக்கு வண்டியேறுகிறது என்றார். அந்தப் பங்கையும் அப்படியே போட மாட்டார். மதியம் சாற்றில் கிடந்த பூசணி ராத்திரி அவர்கள் தட்டில் மாவில் தோய்த்த வறுவலாக இருக்கும். இரண்டு வேளைக்கு ஒரே சாப்பாடு என்று பையன்களுக்குத் தெரியவே கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை வேண்டும் என்று பையன்கள் கேட்டார்கள். கில்பெர்ட் கொடுத்த முன்னங்கால் ஒன்றை உப்பும் அன்னாசிச் சாறும் சேர்த்து ஊறவைத்து, அவர்கள் கடைக் கண்ணாடியில் பார்த்ததைப் போலவே பளபளவென்று செய்துவிட்டார். தாத்தா சிசோ ஒரு துண்டைச் சப்பிக்கொண்டே, "மாப்ளே, நான் சாகற வரைக்கும் உங்களுக்குக் கப்பல் கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்," என்றார். அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜனவரியில் திருவிழா. ஜோனலினின் குழு ஊர்வலத்தில் வந்தது. உடம்பெல்லாம் கரி பூசி, தலையில் இறகு வைத்து, நூறு பிள்ளைகளும் ஒரே மாதிரி இருந்தார்கள். பறை அடித்த அடியில் தெரு நடுங்கியது. தேரியோவும் தாத்தாவும் நானும் நடைபாதையில் நெருக்கியடித்து நின்றோம். அதோ அவள் என்று தாத்தா காட்டியது ஒரு பையனை. தேரியோ கடைசி வரை அவளைக் கண்டுபிடிக்கவே இல்லை. நூறு பேரையும் ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல் நின்றார். அவர்களுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் கரியோடு வந்து சேர்ந்தபோது அவர் முதலில் கேட்டது, காலையிலிருந்து எதாவது சாப்பிட்டாயா என்பதுதான்.

அந்த மாதக் கடைசியில் மெர்லிக்குப் புது வீடு கிடைத்தது, பணம் வர ஆரம்பித்தது. சந்தைச் சட்டியை நிறுத்த நாங்கள் விடவில்லை. அதில் வருவதைக்கொண்டு தேரியோ இப்போது வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறார், மெர்லியின் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு அப்படியே நிற்கிறது.

அடுத்த வருஷம் மெர்லி மூன்று வார விடுப்பில் வந்தாள். வந்த அன்றே துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாளாம். தேரியோ கரண்டியை விடவில்லை. அவளை உட்கார வைத்து, குளிர்ப்பெட்டிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, இந்த வாரம் உனக்கு என்னென்ன வேண்டும், ஏழு நாளுக்கும் சொல் என்று பென்சிலோடு நின்றார்.

மெர்லி இதை என் கடையில் நின்று சொன்னாள். "அடுத்தவங்க வீட்ல தெனம் கேட்டுக் கேட்டுச் செய்யறேன் அக்கா. நாளைக்கு என்ன வேணும்னு என்னை யாரு கேட்டா? ரெண்டு நாளுக்குத்தான் சொல்ல வந்துச்சு. மூணாவது என்னன்னு எனக்கே தெரியல."

அந்த இரண்டு என்ன என்று கேட்டேன். ஒன்று இஞ்சி போட்ட மீன் தலை ரசம், இன்னொன்று வாழைப்பூ. மற்ற ஐந்து நாளையும் தேரியோ காலியாகவே விட்டு வைத்தார், அவளுக்கு நினைவு வரும்போது சொல்லட்டும் என்று. மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாக வந்தன. நான்கு நாளாவது அவர் என் பலகைக்கு ஓடி வந்து, அவள் கேட்ட மீன் இருக்கிறதா என்று மூச்சு வாங்கக் கேட்டார். பேரம் பேச வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு அப்போது இல்லை. நானும் விலையைக் கூட்டிச் சொல்லவில்லை.